விண்வெளி இயற்பியல் என்ற பெயரில் இளநிலைப் பட்டமா, ஊரிலேயே பொது இயற்பியலா?

கேள்வி – மே 10, மாலை

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கை பிளஸ் டூ தேர்வில் இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். வெளியூரில் ஒரு தனியார் நிறுவனம் விண்வெளி இயற்பியலில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் தருவதாகச் சொல்கிறது. ராமநாதபுரத்தில் சேர்ந்தால் பொது இயற்பியல்தான். விண்வெளித் துறைக்குப் போக ஆசைப்படுகிறவள் முதலிலிருந்தே அதைப் படிப்பதுதானே முறை? அப்பா விசைப்படகுத் தொழிலாளி. இப்போது மீன்பிடித் தடைக்காலம், வருமானம் இல்லை. திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில் – மே 10, இரவு

தம்பி, திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டாம். அதற்கு முன் அந்த நிறுவனத்திடம் ஆறு செமஸ்டருக்குமான பாடத்திட்டத்தைத் தாள்வாரியாகக் கேட்டு வாங்குங்கள். வண்ண அட்டையில் அச்சிட்ட விளம்பரத் தாள் அல்ல, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் பெற்ற பாடத்திட்டம். அதில் செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், குவாண்டம் இயக்கவியல், ஒளியியல், திண்மநிலை இயற்பியல் ஆகியவை தனித்தனித் தாள்களாக இருக்கின்றனவா, கணிதம் எத்தனை செமஸ்டர் வருகிறது, செய்முறை வகுப்புக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அவற்றின் இடத்தில் 'விண்வெளி அறிமுகம்', 'செயற்கைக்கோள் பயன்பாடுகள்' போன்ற தலைப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால், அந்தப் பட்டம் உங்கள் தங்கையை விண்வெளித் துறைக்கு அருகில் கொண்டுபோகாது, தள்ளித்தான் நிறுத்தும். காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன்.

மே 11, காலை

நான் இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பொது இயற்பியல் படித்து, பிறகு கொச்சியில் கடல் இயற்பியலில் முதுநிலை முடித்தவன். கொச்சியில் என்னுடன் படித்தவர்களில் சிலர் இளநிலையிலேயே கடல் சார்ந்த பட்டம் பெற்று வந்தவர்கள். கடலின் பெயர்களும் நீரோட்டங்களின் வரைபடங்களும் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தன. முதல் செமஸ்டரில் பாய்ம இயக்கவியல் வகுப்புத் தொடங்கிச் சமன்பாடுகள் கரும்பலகையை நிறைத்தபோது, திசையன் நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் கையில் பழகியிருந்தவர்களே நிமிர்ந்து உட்கார முடிந்தது. மற்றவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பயிற்சிக்கு இடமே ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பூமி சுழல்வதால், காற்று தள்ளிவிட்டு ஓய்ந்த பிறகும் திறந்த கடலின் நீர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், ஏறத்தாழப் பன்னிரண்டு மணியை அந்த இடத்தின் அட்சரேகையின் சைன் மதிப்பால் வகுத்தால் கிடைக்கும். பாம்பன் இருக்கும் அட்சரேகைக்கு அது சுமார் 74 மணி நேரம், சென்னைக்குச் சுமார் 53 மணி நேரம். கொரியோலிஸ் விசை என்று இரண்டாம் ஆண்டு இயக்கவியல் தாளில் அரைப் பக்கத்தில் கடந்துபோகும் பகுதிதான் இது. கடலியலும் வானிலையியலும் ஏவுகணைப் பாதைக் கணக்கும் அந்த அரைப் பக்கத்திலிருந்து புறப்படுகின்றன. அதைச் சரியாகப் படித்தவருக்கு எந்தப் பக்கமும் போக வழி உண்டு. 'கடலில் நீர் வட்டமாகச் சுற்றும்' என்ற செய்தியை மட்டும் படித்தவருக்கு அங்கேயே பாதை முடிந்துவிடுகிறது.

ஆழம் குறைந்த நீரில் நெடிய அலையின் வேகமும் அப்படித்தான். ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒன்பது மீட்டர் ஆழமுள்ள வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) அது மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர். நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள பெருங்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் புறப்பட்ட அலை சில மணி நேரத்தில் நம் கிழக்குக் கரையை எட்டியதற்கும், இலங்கையைச் சுற்றி வளைந்து கேரளக் கரையைத் தொட்டதற்கும் விளக்கம் அலைகள் பற்றிய பொதுப் பாடத்திலேயே இருக்கிறது.

மே 11, பிற்பகல்

கீழக்கரையிலிருந்து எழுதிய பெரியவர் கலாம் அவர்களை நினைவூட்டினார். இந்த மாவட்டத்தில் இயற்பியல் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் அவரிடம் வந்து சேர்வது இயல்பு. ஆனால் அவருடைய படிப்பின் வரிசையை யாரும் சொல்வதில்லை. ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர், திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1954இல் இயற்பியல் இளநிலைப் பட்டம் பெற்றார். அது பொது இயற்பியல். தமக்கு உரிய துறை பொறியியல் என்பதை அந்தப் படிப்பை முடிக்கும்போதுதான் உணர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு குரோம்பேட்டையில் வானூர்திப் பொறியியல் படித்தார். பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபத்திரண்டு வயதில் மாறும் என்பதற்கு நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. அவர் மாறியபோது கையிலிருந்த பட்டம் அடுத்த கதவைத் திறக்கும் அளவுக்குப் பொதுவானதாக இருந்தது. எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மே 11, இரவு

ஒரு சிறு குறிப்பு. இஸ்ரோவின் அறிவியலாளர், பொறியாளர் பணிகளுக்கான அறிவிப்புகளைத் தம்பி ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்கள் மின்னணுவியல், இயந்திரவியல், கணினிப் பொறியியல் பட்டதாரிகளுக்கு. இயற்பியலுக்கு வரும் இடங்கள் குறைவு, அவற்றுக்கும் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். இளநிலைப் பட்டத்தில் 'விண்வெளி' என்ற சொல் இருப்பதால் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது.

மே 12

ஏர்வாடியிலிருந்து எழுதிய சகோதரி, 'குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறதே, பக்கத்திலேயே வேலை கிடைக்காதா' என்று கேட்டிருக்கிறார். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஏவுதளம் சிறிய ஏவுகலங்களுக்கானது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி அனுப்பினால் வழியில் இலங்கை இருக்கிறது. அதன் மேல் பறக்காமல் சுற்றிவளைந்து போக வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. சிறிய ஏவுகலத்துக்கு அந்த இழப்பு பெரிது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே போனால் திறந்த கடல். இடத்தைத் தேர்ந்ததற்கான இயற்பியல் காரணம் இது. ஏவுதளம் அருகில் இருப்பதால் ஆள் எடுக்கும் தகுதி மாறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கரையோரப் பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்க்க இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

மே 13, காலை

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தபோது, சிறப்புப் பட்டம் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்வதாகப் படுகிறது. என் கருத்து அதுவல்ல. உண்மையிலேயே வலுவான சிறப்புப் படிப்புகள் நம் நாட்டில் இருக்கின்றன. விண்வெளித் துறையே 2007இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஐஐஎஸ்டி என்னும் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், பொறியியல் இயற்பியலில் தொடங்கி வானியற்பியல், புவி அமைப்பு அறிவியல், திண்மநிலை இயற்பியல், ஒளியியல் என முதுநிலையில் பிரியும் ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. சென்னை, மும்பை உட்படப் பல ஐஐடிகளில் பொறியியல் இயற்பியல் இருக்கிறது. கரக்பூர் ஐஐடியில் புவி இயற்பியலுக்குத் தனிப் படிப்பு இருக்கிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒளியணுவியலுக்கும் (ஃபோட்டானிக்ஸ்) அப்படி ஒரு படிப்பு இருக்கிறது.

இவற்றின் பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு செய்தி தெரியும். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் நான் சொன்ன அதே பொது இயற்பியலும் கணிதமும்தான். சிறப்புப் பகுதி அதன் மேல் பின்னர் ஏறுகிறது. ஆகவே எனக்கு எதிர்ப்பு சிறப்புத் துறைமீது அல்ல, அடித்தளத்துக்கான இடத்தைப் பறித்துக்கொண்டு அங்கே வந்து உட்காரும் பெயர்ப்பலகைமீது.

ஐஐஎஸ்டிக்கும் ஐஐடிகளுக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்குத் தனித் தகுதித் தேர்வு. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் பதினைந்து கேள்விகள், மூன்று மணி நேரம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2011 முதல் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டம் நடத்துகிறது. இவற்றுக்கான விண்ணப்பங்களில் பல, பிளஸ் டூ முடிவு வரும் முன்னரே மூடிவிடுகின்றன. நம் பகுதிப் பள்ளிகளில் இதைச் சரியான நேரத்தில் மாணவர்களிடம் சொல்ல ஆள் இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை யாருக்காவது வீட்டில் இருந்தால், இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மே 13, இரவு

தொண்டி நண்பர் நியாயமான மறுப்பு ஒன்றை வைத்திருக்கிறார். 'பொது இயற்பியல் பொது இயற்பியல் என்கிறீர்கள், நம் பக்கத்துக் கல்லூரிகளில் செய்முறை ரெக்கார்டு நோட்டை முந்திய ஆண்டு மாணவரிடமிருந்து பார்த்து எழுதுவதுதானே நடக்கிறது' என்கிறார். நடக்கிறது, எல்லா இடத்திலும் இல்லாவிட்டாலும் நடக்கிறது. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். பொது இயற்பியலுக்கு வெளியில் கிடைக்கும் துணை மிகப் பெரியது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் என்பிடெல் காணொளிப் பாடங்களில் இயக்கவியல் முதல் குவாண்டம் வரை முழுப் பாடங்களாகக் கட்டணமின்றி இருக்கின்றன. வகுப்பில் விட்டுப்போனதை மாணவி தானே ஈடுகட்டிக்கொள்ளலாம். பெயரளவில் சிறப்புப் பட்டம் தரும் இடத்தில் ஆசிரியர் சரியில்லை என்றால், அந்தக் கலவைப் பாடத்துக்கு வெளியே நிற்கும் நூலும் இல்லை, காணொளியும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் எழுத வேண்டிய ஜாம் தேர்வையும் கருதுங்கள். ஐஐடிகளில் முதுநிலை இயற்பியல் சேர அதுதான் வாசல். மூன்று மணி நேரம், அறுபது கேள்விகள், நூறு மதிப்பெண். கணித முறைகள், இயக்கவியல், அலைகளும் ஒளியியலும், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திண்மநிலையும் மின்னணுவியலும் என்பதே அதன் பாடப்பரப்பு. கல்லூரி சுமாராக இருந்தாலும் பாடத்திட்டமும் தேர்வும் ஒரே திசையில் போகின்றன என்பது சிறிய உதவி அல்ல.

மே 14

இதுவரை யாரும் தொடாத ஒன்று: இணைத்தன்மை. வழக்கத்துக்கு மாறான பெயருடைய பட்டத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு அரசின் ஆசிரியர் பணிக்கோ தேர்வாணையப் பணிக்கோ விண்ணப்பித்தால், அது இயற்பியல் இளநிலைப் பட்டத்துக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். அரசாணை இல்லையென்றால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோக நேரிடும். எனக்கு உறவுமுறையில் அக்கா ஒருவர் நன்றாகப் படித்து, தேர்விலும் தேறி, இந்த ஒரு தாளுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். உங்கள் தங்கை ஆசிரியராக விரும்பாமல் இருக்கலாம். ஆனால் தொழில் கடலை நம்பியிருக்கும் வீட்டில், பிஎட் முடித்து ஆசிரியராகும் வழியை மூன்றாண்டுக்கு முன்னரே அடைத்துக்கொள்வது சரியல்ல. சேருமுன் இணைத்தன்மை அரசாணையின் எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாதவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.

மே 14, இரவு

மருத்துவ இயற்பியல் பற்றிக் கேட்ட செவிலியர் சகோதரிக்கு: புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராகப் பணியாற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தகுதி வகுத்திருக்கிறது. இயற்பியல் முதுநிலைக்குப் பின் கதிரியக்க இயற்பியலில் பட்டயம் பெறலாம், அல்லது இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட இளநிலைக்குப் பின் மருத்துவ இயற்பியலில் முதுநிலை படிக்கலாம். இரண்டிலும் ஓராண்டு உள்ளகப் பயிற்சி சேரும். இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பணிக்குப் போக வழியில்லை. இங்கேயும் நுழைவாயில் பொது இயற்பியல்தான்.

மே 16

இரண்டு நாள் மண்டபத்தில் இருந்தேன். படகுகள் கரையில் நிற்கும் காலம் என்பதால் ஓட்டுநர்கள் எக்கோ சவுண்டர்களைக் கழற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு எழுத நினைத்தது அங்கேதான் தெளிவாயிற்று.

அந்தக் கருவி கீழ்நோக்கி ஒலித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். வெதுவெதுப்பான நம் கடலில் 1,540ஐ நெருங்கும். பத்து மீட்டர் ஆழத்தில் தரை இருந்தால் எதிரொலி ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் பதின்மூன்று பங்கு நேரத்தில் வந்துவிடும். 200 கிலோஹெர்ட்சில் அலைநீளம் முக்கால் சென்டிமீட்டர், 50 கிலோஹெர்ட்சில் மூன்று சென்டிமீட்டர். குறுகிய அலை நுணுக்கமாகக் காட்டும், ஆனால் நீர் அதை விரைவில் உறிஞ்சிவிடும். நீண்ட அலை ஆழம் போகும், நுணுக்கம் குறையும். அதனால்தான் தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) ஆழத்துக்குப் போகிறவர்கள் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றுகிறார்கள். மீன் திரையில் தெரிவதற்கு முதன்மையான காரணம் அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பை. நீருக்கும் காற்றுக்கும் அடர்த்தியிலும் ஒலிவேகத்திலும் உள்ள பெரும் வேறுபாட்டால் ஒலி அங்கே வலுவாகத் தெறித்துத் திரும்புகிறது. காற்றுப்பை இல்லாத மீன் மங்கலாகத் தெரியும். படகோட்டிகளுக்கு இது அனுபவத்தில் தெரியும். எந்த மீனுக்குத் திரை எப்படி இருக்கும் என்று அவர்கள் சொல்லும்போது நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

இதே அலைச் சமன்பாட்டைத்தான் கொச்சியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கடற்படை இயற்பியல் ஆய்வகம், நீருக்கடியில் ஒலியால் தேடும் சோனாருக்குப் பயன்படுத்துகிறது. மருத்துவமனையின் அல்ட்ராசவுண்டு ஸ்கேனும் அதுதான். தரைக்கடியில் எண்ணெய் தேடும் புவி இயற்பியலாளர் நில அதிர்வலைகளை வைத்துச் செய்வதும் அதுதான். இளநிலையில் அலைச் சமன்பாட்டை எழுதி, தீர்த்து, எல்லை நிபந்தனைகளைப் போட்டுப் பழகிய பெண்ணுக்கு இந்த மூன்று துறைகளும் திறந்திருக்கின்றன. எதில் போவது என்பதை அவள் இருபது வயதுக்கு மேல் முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. அப்பா வேலை செய்யும் படகிலேயே ஆய்வுக்கருவி இருக்கிறது என்பதைத் தங்கையிடம் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டில் அவள் அப்பாவிடம் கேட்டு அந்தத் திரையின் பதிவுகளை எழுதிவைத்து, வாடைக்காற்றுக் காலத்துக்கும் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டால், அது எந்தச் சிறப்புப் பட்டத்தின் திட்ட ஆய்வுக்கும் குறைந்ததாக இராது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. நேரில் போய்க் கேட்டால் வழிகாட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

மே 17

பணத்தைப் பற்றித் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். தயங்க வேண்டியதில்லை, இது படிப்பின் ஒரு பகுதி. தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசுக் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது பேருந்துச் செலவுக்கும் நூல்களுக்கும் பெரும்பாலும் போதும். நீங்கள் சொன்ன நிறுவனத்தின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் நான் கூட்டிப் பார்த்தேன். அதற்குக் கடன் வாங்கினால், ஜாம் எழுதி முதுநிலை படிக்க வேண்டிய ஆண்டில் அவள் கடனைக் கட்டுவதற்காகக் கிடைத்த வேலைக்குப் போக வேண்டியிருக்கும். இந்தத் துறையில் இளநிலையோடு நின்றவருக்கு இடம் மிகக் குறைவு. ஆகவே கையிலிருக்கும் பணத்தை நான்காம், ஐந்தாம் ஆண்டுக்காகக் காத்து வையுங்கள்.

மே 20

பாடத்திட்டத்தை அனுப்பியதற்கு நன்றி, தம்பி. முழுவதும் படித்தேன். மின்காந்தவியல் ஒரு தாளில் பாதி. குவாண்டம் இயக்கவியல் விருப்பப் பாடம். கணிதம் முதல் ஆண்டோடு முடிகிறது. தொலைநோக்கிப் பயிற்சி என்று ஒரு தாள் இருக்கிறது, ஆனால் எந்தத் தொலைநோக்கி, எத்தனை அங்குலம் என்ற விவரம் இல்லை. இணைத்தன்மை பற்றி அவர்கள் 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என் முடிவு மாறவில்லை, அங்கே சேர்க்க வேண்டாம்.

தங்கை வருத்தப்படுகிறாள் என்று படித்ததும் எனக்கும் கஷ்டமாக இருந்தது. அவளிடம் நேராகச் சொல்லுங்கள்: விண்வெளி இயற்பியலை யாரும் அவளிடமிருந்து எடுத்துவிடவில்லை, அது முதுநிலையில் இருக்கிறது. கொடைக்கானலில் 1899இல் அமைந்த சூரிய ஆய்வகம் நம் ஊரிலிருந்து ஒரு நாள் பயணம். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. திருநெல்வேலி அருகில், காந்த நடுக்கோட்டை ஒட்டி, வளிமண்டலத்தின் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராயும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கெல்லாம் வேலை செய்பவர்களில் மிகப் பலர் பொது இயற்பியலில் தொடங்கியவர்கள்.

அரசுக் கல்லூரி இணைய விண்ணப்பத்தில் இயற்பியலை முதல் விருப்பமாகவும், கணிதத்தை இரண்டாவதாகவும் போடுங்கள். துணைப்பாடமாகக் கணிதம் எந்தெந்த செமஸ்டரில் வருகிறது என்பதைக் கலந்தாய்வு அன்றே துறைத்தலைவரிடம் கேளுங்கள். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள். ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் அவர் கரையில்தான் இருப்பார்.